கத்தரிக்கோலை எடுக்குமுன்

வீட்டுத் தோட்டமும் வேதமும்
தியானப் பகுதி: ஏசாயா 28:23-29

சென்ற இதழில் கறிவேப்பிலைக் கன்றைத் தொட்டியில் வளர்ப்பதைக் குறித்துப் பார்த்தோம். இந்த மாதம், பெங்களூருவில் வாழும் நம்மவர் பலருடைய பால்கனியில் இடம்பிடித்திருக்கிற ஹைட்ரேஞ்சியாச் செடியைக் குறித்து எழுத விரும்புகிறேன். இதை எழுதும்படி என்னைத் தூண்டியது ஒரு சகோதரியின் ஜெப விண்ணப்பம்.

சில வாரங்களுக்கு முன், ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்தபின், அந்தச் சகோதரி தயங்கியபடி அருகில் வந்தார். "பாஸ்டர், ஊட்டியிலிருந்து வாங்கி வந்த ஹைட்ரேஞ்சியா போன வருஷம் நல்ல நீலமாகப் பூத்தது. இந்த வருஷம் அதே செடியில் ரோஸ் நிறத்தில் பூத்திருக்கிறது. பக்கத்து வீட்டம்மா ஏதேதோ சொல்கிறார்கள். யாராவது ஏதாவது செய்துவிட்டார்களோ என்று மனம் கலங்குகிறது. ஒரு தரம் வீட்டிற்கு வந்து ஜெபம் பண்ணுங்கள்" என்றார். அன்று மாலையே சென்றேன். ஜெபமும் செய்தேன். ஆனால் ஜெபிக்குமுன் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன்: "சிஸ்டர், இந்தச் செடிக்கு எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?"

அந்தக் கேள்வியை நான் ஏன் கேட்டேன் என்பதைப் பின்னர் சொல்லுகிறேன். முதலாவது செடியை அறிந்துகொள்வோம்.

பெயரிலேயே தண்ணீர்

வேதாகமக் கல்லூரியில் கிரேக்க மொழி பயின்றவர்களுக்கு இந்தச் செடியின் பெயர் புதியதாகத் தோன்றாது. "ஹுடோர்" என்றால் தண்ணீர். "அங்கெயோன்" என்றால் பாத்திரம். மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் புத்தியுள்ள கன்னிகைகள் தங்கள் தீவட்டிகளோடு எண்ணெயும் எடுத்துச் சென்றார்களே, அந்த எண்ணெய்ப் பாத்திரங்களுக்குச் சுவிசேஷகர் பயன்படுத்தும் சொல் இந்த இரண்டாவது சொல்லே. இச்செடியின் விதைக்கூடு சிறிய தண்ணீர்ச்சாடியைப் போன்ற வடிவமுடையது. ஆகவே தாவர அறிஞர்கள் இதற்கு "தண்ணீர்ப் பாத்திரம்" என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள்.

இந்த இனத்தில் பல வகைகள் உண்டு. அவை ஆசியாவின் கிழக்குப் பகுதிகளிலும் அமெரிக்கக் கண்டங்களிலும் இயற்கையாக வளர்கின்றன. உதகை, குன்னூர், கொடைக்கானல் வீட்டு முற்றங்களில் நாம் பெரும்பாலும் காண்பது பெரிய இலைகளையுடைய "மாக்ரோபில்லா" என்னும் வகை. இதன் தாயகம் ஜப்பான். குடைபோல் கவிந்திருக்கும் பூங்கொத்தில் இதழ்களென்று நாம் எண்ணுபவை மெய்யான இதழ்கள் அல்ல. அவை நிறமேறிய புல்லி இதழ்கள். விதை தரக்கூடிய பூக்கள் மிகச் சிறியவையாய், கண்ணுக்கு எளிதில் படாமல் இருக்கும்.

நண்பகலில் தீர்ப்புச் செய்யாதீர்கள்

இந்தச் செடிக்குக் காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் கிடைத்தால் போதும். பிற்பகலில் நிழல் வேண்டும். கிழக்கு நோக்கிய பால்கனி மிகவும் ஏற்றது. மேற்கு வெயில் நேரே விழும் மொட்டைமாடியில் வைத்தால் இலையின் ஓரம் கருகிவிடும்.

தொட்டி குறைந்தது 12 அங்குல அகலமுள்ளதாயிருக்கட்டும். அடியில் துளைகள் அவசியம். செம்மண் ஒரு பங்கு, நன்றாக மட்கிய சாணி எரு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்த்துகள் ஒரு பங்கு என்று கலந்துகொள்ளலாம். மண் எப்போதும் ஈரமாயிருக்க வேண்டும். ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. மண்ணின்மேல் உலர்ந்த இலைகளைப் பரப்பி வைத்தால் ஈரம் காக்கப்படும்.

புதிதாய் வளர்ப்பவர்கள் அநேகர் தவறுவது இந்த இடத்தில்தான். நண்பகலில் இதன் பெரிய இலைகள் துவண்டு தொங்கும். பார்க்கிறவர் பதறிப்போய் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிடுவார். மறுநாளும் அப்படியே. பத்து நாளில் வேர் அழுகிச் செடி உண்மையாகவே செத்துப்போகும். நடந்தது என்னவென்றால், அந்தப் பெரிய இலைகள் வெளிவிடும் ஈரத்தின் அளவுக்கு வேர்கள் உடனே தண்ணீரை மேலே அனுப்ப இயலவில்லை, அவ்வளவே. மண்ணில் ஈரம் இருக்குமானால், வெயில் சாய்ந்தபின் இலைகள் தாமாகவே நிமிர்ந்துகொள்ளும். ஆகவே இரண்டு அங்குல ஆழம் விரலை விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரமிருந்தால் மாலை வரை காத்திருங்கள். உலர்ந்திருந்தால், அல்லது மாலையிலும் மறுநாட்காலையிலும் இலை துவண்டேயிருந்தால், அப்பொழுது கவனியுங்கள்.

2024 கோடையில் பெங்களூருவில் ஆழ்துளைக் கிணறுகள் வறண்டு, குடிநீரைத் தோட்டத்திற்குப் பயன்படுத்தக் கூடாது என்று தடை பிறந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்நாட்களில் எங்கள் வீட்டுச் செடி அரிசி களைந்த நீரிலும் காய்கறி கழுவிய நீரிலும் உயிர் பிழைத்தது. குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை மட்டும் ஊற்றாதீர்கள். அதில் உப்பு மிகுதி.

நிறம் மாறிய மலர்

இனி அந்தச் சகோதரியின் வீட்டிற்கு வருவோம். "எந்தத் தண்ணீர்?" என்று கேட்டதற்கு, "போர்வெல் தண்ணீர்தான் பாஸ்டர்" என்றார். அடுப்பின்மேலிருந்த வெந்நீர்ப் பாத்திரத்தைக் காட்டச் சொன்னேன். அதன் அடியில் சுண்ணாம்பு பூசினாற்போல் வெண்மையாக உப்புப் படிந்திருந்தது. "செடிக்கு யாரும் எதுவும் செய்யவில்லை, சிஸ்டர். இந்தத் தண்ணீர்தான் செய்திருக்கிறது" என்றேன்.

காரணம் இதுவே. நீல மலருக்கும் இளஞ்சிவப்பு மலருக்கும் உள்ளிருக்கும் நிறப்பொருள் ஒன்றே. அதற்கு டெல்பினிடின் என்று பெயர். மண்ணிலுள்ள அலுமினியம் வேர் வழியாக ஏறி அந்த நிறப்பொருளோடு சேருமானால் மலர் நீலமாகும், சேராவிட்டால் இளஞ்சிவப்பாகும். புளிப்புத் தன்மையுள்ள அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும். சுண்ணாம்புத் தன்மையுள்ள கார மண்ணிலோ அலுமினியம் இருந்தும் கிடைக்காது. அது கட்டுண்டு கிடக்கும். மண்ணின் அமில அளவைக் காட்டும் பி.எச். எண் 5.5க்குக் கீழே இருந்தால் நீலம், 6.5க்கு மேலே இருந்தால் இளஞ்சிவப்பு; இடையில் ஊதா. தேயிலை விளையும் நீலகிரி மண் அமில மண்; ஆதலால் அங்கே நீலம் மிகுதி. அந்தச் செடி பெங்களூருவுக்கு வந்து ஒரு வருஷம் சுண்ணாம்பு கலந்த கடினநீரைக் குடித்தது, நிறம் மாறிற்று. வெள்ளை நிற வகைகள் மாத்திரம் எந்த மண்ணிலும் நீலமாகவோ சிவப்பாகவோ மாறுவதில்லை.

நீலம் வேண்டுமென்று விரும்புகிறவர்கள் மழைநீரைச் சேமித்து ஊற்றலாம். உரக்கடைகளில் கிடைக்கும் அலுமினியம் சல்பேட்டை ஒரு சிறு தேக்கரண்டி அளவு எடுத்து, நான்கு லிட்டர் தண்ணீரில் கரைத்து, வளரும் பருவத்தில் மாதம் ஒருமுறை ஊற்றலாம். மண் ஈரமாயிருக்கும்போதே ஊற்ற வேண்டும். அளவு மிஞ்சினால் வேர் கருகும். புதிதாய் நட்ட கன்றுக்கு வேண்டாம். எலும்புத்தூள், சூப்பர் பாஸ்பேட் போன்ற மணிச்சத்து மிகுந்த உரங்களைத் தவிர்த்துவிடுங்கள். அவை அலுமினியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இவ்வளவு செய்தாலும் மலர்ந்துவிட்ட பூ நிறம் மாறாது. அடுத்த பருவத்துப் பூவில்தான் பலன் தெரியும். இளஞ்சிவப்பே போதுமென்றால் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. பெங்களூருவின் போர்வெல் தண்ணீரே அதைப் பார்த்துக்கொள்ளும்.

பிரியமானவர்களே, பிறந்த ஊரை விட்டு இந்நகரங்களுக்கு வந்த நாமும் நம் பிள்ளைகளும் இந்தச் செடியைப் போன்றவர்களே. "ஊரில் இருந்தபோது என் மகன் இப்படி இல்லை பாஸ்டர்" என்று கண்ணீரோடு சொல்லும் பெற்றோரை நான் அடிக்கடி சந்திக்கிறேன். பிள்ளையின் பேச்சும் உடையும் மாறியதைக் கண்டதும் சிலர் சாபம் என்கிறார்கள்; சிலர் பிசாசின் கிரியை என்கிறார்கள். ஆவிக்குரிய போராட்டம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அதற்கு முன்பாக, அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் எதைக் குடித்து வளர்கிறான் என்று கேட்டுப்பார்த்தோமா? வீட்டில் அவனோடு உட்கார்ந்து பேச யார் இருக்கிறார்கள்? அவன் வேரில் ஊற்றப்படுவது என்ன? மாறியதெல்லாம் பாவமா, அல்லது இடத்திற்கேற்ற நிறம் மாத்திரமா?

நான் செய்த பிழை

இதுவரை மற்றவர்களுடைய தவறுகளைச் சொன்னேன். இனி என்னுடையதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை உண்மையுள்ளதாயிராது.

என் மனைவியின் தாய்வீடு குன்னூருக்கு அருகே உள்ளது. அவருடைய தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபின், அடக்க ஆராதனைக்குச் சென்று திரும்பும்போது, வீட்டு வாசலில் தாயார் வளர்த்த ஹைட்ரேஞ்சியாவிலிருந்து இரண்டு தண்டுகளை வெட்டி, ஈரத்துணியில் சுற்றிப் பெங்களூருவுக்குக் கொண்டுவந்தார். அவற்றில் ஒன்று பிழைத்தது. மூன்றாம் வருஷம் முதன்முறையாகப் பூத்தபோது, என் மனைவி அந்தத் தொட்டியருகே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார்.

2018ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஓர் ஊழியத்திற்காகச் சிக்கபள்ளாபுரம் பக்கம் சென்றிருந்தேன். அங்கே திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு சகோதரர் தமது பந்தலுக்கு அழைத்துச் சென்றார். கனி தரும்படிக்குக் கொடிகளைக் கவாத்து செய்யும் காலம் அது. கத்தரி ஓடின வேகத்தைப் பார்த்து வியந்துபோனேன். நேற்று வரை பச்சைப் பந்தலாயிருந்தது இன்று வெறும் குச்சிகளாய் நின்றது. "இப்படி வெட்டினால்தான் பாஸ்டர் புதுக் கொழுந்து வரும், கொழுந்தில்தான் குலை வரும்" என்றார் அவர். யோவான் 15ஆம் அதிகாரத்தைக் கண்ணாரக் கண்டதுபோலிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதையே பிரசங்கித்தேன். கனி தராத கொடியை ஆண்டவர் விட்டுவைப்பதில்லை என்று சற்று உரத்தே பேசினேன்.

நவம்பர் மாதத்தில் ஒரு நாள், கொத்துகள் உலர்ந்து ஒழுங்கற்று நின்ற ஹைட்ரேஞ்சியா என் கண்ணில் பட்டது. கத்தரிக்கோலை எடுத்தேன். சிக்கபள்ளாபுரத்தில் பார்த்தபடியே எல்லாத் தண்டுகளையும் அரை அடி விட்டு வெட்டித் தள்ளினேன். சமையலறையிலிருந்து வந்த என் மனைவி என்னை ஒன்றும் சொல்லவில்லை. கீழே கிடந்த தண்டுகளைப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றின் நுனியையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "இதெல்லாம் பூ மொட்டு" என்றார். அவ்வளவுதான்.

நான் அறியாதது இது. திராட்சையில், வெட்டிவிட்ட கணுவிலிருந்து எழும் புதுக் கொழுந்திலே குலை வருகிறது. மாக்ரோபில்லா வகை ஹைட்ரேஞ்சியாவோ பழைய தண்டிலே பூக்கிறது. இரவுகள் குளிரத் தொடங்கும் மாதங்களிலே, அடுத்த கோடையில் மலரவேண்டிய பூ, அந்தப் பழைய தண்டின் நுனியில் சிறு மொட்டாய் உருவாகி ஒளிந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் காய்ந்த குச்சி. உள்ளே அடுத்த ஆண்டின் மலர். நவம்பரில் வெட்டுகிறவன் மலரையே வெட்டிப்போடுகிறான். 2019ஆம் ஆண்டு முழுவதும் எங்கள் செடியில் இலைகள் செழித்தன. ஒரு பூவும் இல்லை.

அதே நவம்பரில் நான் வெட்டியது செடியை மாத்திரமல்ல. எங்கள் சபையில் கீபோர்டு வாசித்துவந்த ஒரு வாலிபன் தொடர்ந்து மூன்று ஞாயிறு தாமதமாக வந்தான். சனிக்கிழமைப் பாடல் பயிற்சியில், மற்றப் பிள்ளைகள் எல்லாருக்கும் முன்பாக, "ஆண்டவருடைய ஊழியத்தை அசட்டையாகச் செய்கிறவன் மேடைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அவன் பதில் பேசவில்லை. அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கனி தராத கொடி தானாகவே விலகிற்று என்று என் மனதை நானே தேற்றிக்கொண்டேன்.

பல மாதங்களுக்குப் பின்னரே ஒரு விசுவாசி மூலமாகச் செய்தி கேள்விப்பட்டேன். அந்நாட்களில் அவனுக்குச் சனிக்கிழமை இரவு வேலை. காலையில் வீடு திரும்பி, படுக்கையிலிருந்த தகப்பனைக் குளிப்பாட்டி, உணவு கொடுத்துவிட்டு, உறங்காத கண்களோடு பேருந்து ஏறி ஆராதனைக்கு வந்திருக்கிறான். தாமதமாக வந்தது அசட்டையினால் அல்ல. வந்ததே பெரிய காரியம். "ஏன் தாமதம் தம்பி?" என்று நான் ஒருமுறையாகிலும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். நான் கேட்கவில்லை.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், ஊரடங்கினால் ஆலயம் பூட்டப்பட்டிருந்த நாட்களில், சபையார் ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் பேசி ஜெபித்துவந்தேன். அந்த வாரத்திலே பால்கனியில் ஹைட்ரேஞ்சியா மறுபடியும் மொட்டு விரித்திருந்தது. அதைப் பார்த்தபடியே அந்த வாலிபனுடைய எண்ணை அழைத்தேன். "தம்பி, அன்று நான் பேசினது தவறு. விசாரிக்காமல் பேசினேன். என்னை மன்னிக்க வேண்டும்" என்றேன். சற்று நேரம் மௌனம். பின்பு, "பரவாயில்லை பாஸ்டர். அப்பா போன டிசம்பரில் இறந்துவிட்டார்" என்றான். அவனுடைய தகப்பனின் அடக்கத்திற்கு அவனுடைய போதகனாகிய நான் போகவில்லை. இன்றைக்கும் அந்த வார்த்தை என் இருதயத்தை விட்டு அகலவில்லை.

திராட்சத்தோட்டக்காரர் நாமல்ல

அதன்பின் யோவான் 15ஐ நான் வேறு விதமாக வாசிக்கத் தொடங்கினேன். அங்கே தோட்டக்காரர் யார்? பிதாவானவர். போதகன் அல்ல, பெற்றோர் அல்ல, மூப்பர் அல்ல. இரண்டாம் வசனத்தில் கனிதரும் கொடிக்குச் செய்யப்படுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் "கத்தைரோ". அதற்குச் சுத்திகரித்தல் என்பதே பொருள். மூன்றாம் வசனத்தில், அந்தச் சுத்திகரிப்பு தாம் உரைத்த உபதேசத்தினால் நடக்கிறது என்று ஆண்டவர் தாமே விளக்குகிறார். நான் பார்த்ததெல்லாம் கத்தரியின் வேகத்தை மாத்திரமே.

தியானப் பகுதியாகிய ஏசாயா 28ஐக் கவனியுங்கள். அங்கே தீர்க்கதரிசி ஓர் உழவனைக் காட்டுகிறார். அவன் எல்லாத் தானியத்தையும் ஒரே விதமாகப் போரடிப்பதில்லை. கோதுமைக்கு ஒரு முறை. உளுந்துக்கும் சீரகத்துக்கும் வேறு முறை. நமது வேதாகமம் உளுந்து என்று மொழிபெயர்த்திருப்பதை எபிரெயத்தில் கருஞ்சீரகம் என்று அறிஞர் கூறுவர். எதுவாயினும், அந்தச் சிறு விதையின்மேல் பாரமான உருளையை ஓட்டினால் நசுங்கிப்போகும். ஆகவே உழவன் மெல்லிய கோலால் தட்டி எடுக்கிறான். கோதுமையைக்கூட ஓயாமல் அடித்துக்கொண்டேயிருப்பதில்லை. இந்த விவேகத்தை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் தேவனே என்று தீர்க்கதரிசி முடிக்கிறார். சிட்சை வேண்டாம் என்று வேதம் சொல்லவில்லை. எந்தச் செடிக்கு, எந்தக் காலத்தில், எந்தக் கருவி என்று அறிந்து செய்யச் சொல்லுகிறது. மந்தையின் நிலைமையை நன்றாய் அறிந்துகொள்ளும்படி நீதிமொழிகள் 27:23 கட்டளையிடுகிறதும் இதனாலேயே.

சபையிலும் வீட்டிலும் திராட்சச்செடிகளும் உண்டு; ஹைட்ரேஞ்சியாக்களும் உண்டு. ஒரு மகனைக் கண்டித்தால் துளிர்ப்பான். அதே வார்த்தையை அடுத்த மகனிடம் சொன்னால் அவனுக்குள் ஒளிந்திருக்கும் மொட்டு விழுந்துவிடும். புதிதாய் நகரத்திற்கு வந்து, வேலை கிடைக்காமல், ஆராதனையின் கடைசி வரிசையில் வாடிய முகத்தோடு உட்காருகிறவனை அந்த நண்பகல் நேரத்திலேயே நியாயந்தீர்க்காதீர்கள். மாலை வரை காத்திருங்கள். அருகில் போய் விசாரியுங்கள்.

கவாத்தும் பதியமும்

செடியை வெட்டவே கூடாதா என்று கேட்பீர்கள். வெட்டலாம், காலமறிந்து வெட்டவேண்டும். மாக்ரோபில்லா வகையில், பூ வாடிய உடனே, பூங்கொத்தின் கீழே தடித்த மொட்டுகள் இணையாகத் தெரியும் முதல் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். பெங்களூருவில் ஜூலை மாத முடிவுக்குள் இதை முடித்துவிடுவது நல்லது. அதன்பின் கத்தரிக்கோலை எடுத்துவைத்துவிடுங்கள். செத்துக் காய்ந்த தண்டை மட்டும் எக்காலத்திலும் நீக்கலாம். நகத்தால் இலேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் அது உயிரோடிருக்கிறது. மிகவும் முதிர்ந்த செடியில் வருஷத்திற்கு மூன்றிலொரு பங்கு பழந்தண்டுகளை அடியோடு எடுத்துப் புதுத்தண்டுகளுக்கு இடம் கொடுக்கலாம். புதுத்தண்டில் பூக்கும் வகைகளும் உண்டு. பானிகுலாட்டா அவற்றில் ஒன்று. ஆகவே செடியை வாங்கும்போதே எந்த வகை என்று நர்சரியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதுக் கன்று உண்டாக்குவது எளிது. பூவில்லாத தண்டில் ஐந்தாறு அங்குல நீளம் வெட்டி, அடி இலைகளை நீக்கி, மீதி இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, மணலும் தென்னை நார்த்துகளும் கலந்த ஈரமான தொட்டியில் ஒரு கணு புதையும்படி ஊன்றுங்கள். மேலே பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். மூன்று நான்கு வாரங்களில் வேர் பிடிக்கும்.

மாவுப்பூச்சி, அசுவினி கண்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். தழைச்சத்து உரம் மிகுந்தால் இலை மட்டுமே பெருகும். இச்செடியின் இலை, மொட்டு, பூ யாவற்றிலும் நச்சுத்தன்மை உண்டு; தவழும் குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் வாயில் வைக்காதபடி கவனமாயிருங்கள்.

மும்பை, சென்னை வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வகைக்குப் பூ மொட்டு உருவாகச் சில வாரங்கள் குளிர்ந்த இரவுகள் வேண்டும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூருவுக்கு அது டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஓரளவு கிடைக்கிறது; உங்களுக்குக் கிடைப்பது அரிது. பூவோடு வாங்கிய செடி மறுவருஷம் பூக்காவிட்டால் உங்கள் கைராசியைக் குறை சொல்லவேண்டாம்.

அன்று என் மனைவி பொறுக்கி எடுத்த தண்டுகளை வீணாக்கவில்லை. ஆறு தண்டுகளை ஒரு தொட்டியில் ஊன்றினார், மூன்று பிழைத்தன. அவை இன்று சபையார் மூவர் வீடுகளில் இருக்கின்றன. அந்த வாலிபனும் எங்கள் சபைக்குத் திரும்பவில்லை. நகரத்தின் மறுபுறத்திலுள்ள ஒரு சிறு சபையில் கீபோர்டு வாசிக்கிறான் என்று கேள்விப்பட்டேன். அந்தச் சபைக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன். என் பிழையை அது நியாயப்படுத்தாது என்பதையும் அறிந்திருக்கிறேன்.

இந்த மாதம் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கடுஞ்சொல்லினால் விலகிப்போன ஒருவர் உண்டானால், அது மகனாயிருக்கலாம், மருமகளாயிருக்கலாம், சக விசுவாசியாயிருக்கலாம், அவரை இந்த வாரத்தில் அழைத்து, "என்ன நடந்தது?" என்று கேளுங்கள். அறிவுரை சொல்லாதீர்கள். அவர் பேசி முடிக்கும் வரை கேளுங்கள்.

ஜெபிப்போம். அன்பின் பரலோகத் தகப்பனே, நீர் எங்களை அறிந்து பராமரிக்கிறவர். நெரிந்துபோன நாணலையும் ஒடிக்க மனமற்ற உமது குமாரனுடைய சாந்தத்தை எங்களுக்குத் தாரும். நாங்கள் அறியாமல் வெட்டியவர்களை நீரே உமது கையில் எடுத்துத் துளிர்க்கப்பண்ணும். எங்கள் நாவையும் கையையும் காலமறிந்து பயன்படுத்தக் கற்றுத்தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே. ஆமென்.

அடுத்த இதழில் சந்திப்போம். கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் குடும்பத்தையும் ஆசீர்வதிப்பாராக.